சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம்: ஒரு வழிகாட்டி நடை பற்றி

தில்லியின் சிறு சுற்றுலாக் குழு ஒன்று, சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஆட்களை அழைத்துச் சென்று நீராவி எஞ்சின்களைப் பற்றி விளக்கம் சொல்கிறது. ரயில் ஆர்வமுள்ள தில்லித் தமிழர்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் விளக்கத்தில் திருத்த வேண்டியவை உண்டு.

நடையின் சிறந்த பகுதி பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள வண்டிதான். வழிகாட்டி எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னார்: நடுவே ஒரே தண்டவாளம், பக்கவாட்டில் தரையில் உருளும் ஒரு பெரிய இரும்புச் சக்கரம். ஏறத்தாழ முழுப் பாரத்தையும் தண்டவாளமே தாங்க, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அந்தச் சக்கரத்தின் வேலை. 1907 முதல் 1927 வரை ஓடி, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த பெர்லினில் உருவான இந்த எஞ்சினை அமிர்தசரஸ் பணிமனைத் தொழிலாளர்கள் சீரமைத்து ஓடவைத்த கதையை அவர் மனமொன்றிச் சொன்னார்.

வேகச் சாதனைகளுக்கு வந்தபோது அந்த நிதானம் இல்லை. 1938 ஜூலை 3-இல் பிரிட்டனின் 'மல்லார்ட்' நீராவி எஞ்சின் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு ஜெர்மனியை வீழ்த்தியது என்பதோடு முடித்துவிட்டார். 1936 மே மாதத்தில் ஜெர்மனியின் 05 002 எஞ்சின் சமதளத்தில் 200.4 கிலோமீட்டரை எட்டியது. மல்லார்ட் ஓடியதோ இங்கிலாந்தின் ஸ்டோக் சரிவு என்ற பாதையின் இறக்கத்தில், அதுவும் நடு உருளையின் பேரிங் சூடேறிப் பழுதாகும் அளவுக்கு. ஏழு பெட்டிகளை இழுத்தபடி ஓடியது என்பதால் அதன் பெருமை குறையாது, ஆயினும் நாடுகளுக்கிடையேயான போட்டியைப் பேசுகிறவர் பாதையின் சரிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரம்பூரை விட்டதுதான் எனக்குப் பெருங்குறை. 1855-இல் லீட்ஸில் உருவாகி, இதே அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் நின்று, 1997-இல் மீண்டும் பயணிகளை இழுத்த 'ஃபேரி குவீன்' கின்னஸில் இடம்பெற்றதை அவர் பெருமையுடன் சொன்னார். அதே 1855-ஆம் ஆண்டின் இ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21 எஞ்சினை 2010-இல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பெரம்பூர் லோகோ பணிமனையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய எஞ்சின் தானாக உயிர்பெறுவதில்லை. கொதிகலனைச் சோதித்து, கிடைக்காத பாகங்களைக் கையால் வார்த்துக் கடைந்து பொருத்தும் தொழிலாளர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

விளக்கம் இந்தியில்தான், கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் கிடைக்கிறது. பெரும்பாலும் திறந்தவெளி என்பதால் குளிர்காலக் காலைகளே ஏற்றவை. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.