மிக்ஸரில் முடியும் பெடல்போர்டு: சேலத்துப் பேஸ்காரனின் மதிப்பீடு

பேஸ் கிட்டாருக்குப் பெடல்போர்டு, அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகளை அடுக்கிய பலகை, கட்ட வேண்டும், எதில் ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வாசிக்கிற இடத்தில் பேஸ் ஆம்ப் இருக்குமா? எங்கள் ஊரில் அனேகமாக இருக்காது. ஆடியில் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குப் போடும் மேடையாகட்டும், ஐந்து ரோட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபமாகட்டும், பேஸ்காரன் பக்கம் ஒரு மானிட்டர் திரும்பியிருந்தாலே அன்றைக்கு நல்ல நாள். கிட்டார் வயர் நேரே மிக்ஸருக்குப் போகும். யூடியூபில் காட்டும் போர்டுகள் எல்லாம் ஆளுயர ஆம்ப்பில் போய் முடிகின்றன. நம்முடையது மைக்செட்காரரின் மிக்ஸரில் முடிகிறது. அதனால் என் போர்டைக் கடைசிப் பெடலிலிருந்து முன்னால் வருவதாகத்தான் சொல்ல முடியும்.

கடைசியில் இருப்பது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ. டிஐ என்றால் கிட்டாரை நேரே மிக்ஸரோடு இணைத்துக் கொடுக்கும் பெட்டி. 1992-இல் வந்த பெட்டி. ஆம்ப்பும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து தருகிற ஒலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து நேரே மிக்ஸருக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. சாதாரண பாஸிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸை மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகிப் பாருங்கள். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் எதிர்பார்ப்பது 1 மெகா ஓம் அளவுக்கு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) உள்ள இன்புட். மிக்ஸரில் இருப்பது சில பத்து கிலோ ஓம். மேல் சத்தம் செத்து, கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல வரும். போதாக்குறைக்கு மேடையிலிருந்து மிக்ஸர் வரை ஓடும் நீள வயர் வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். டிஐயின் இன்புட்டுக்கு இம்பீடன்ஸ் அதிகம், மூன்று முனை மைக் வயர் செருகும் அதன் எக்ஸ்எல்ஆர் அவுட்டோ பேலன்ஸ்டு, அதாவது வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை என்பதால் இந்த இரண்டு தொல்லையும் ஒரே பெட்டியில் தீர்ந்துவிடுகிறது. எஃபெக்டை அணைத்து வைத்தாலும் அது டிஐயாக வேலை செய்துகொண்டேயிருக்கும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. பழைய மாடலில் நடு ஒலியை ஏற்றி இறக்கும் மிட் குமிழ் கிடையாது. இரண்டாம் பதிப்பில் மிட் வந்துவிட்டது. அதை 500 ஹெர்ட்ஸிலா 1000 ஹெர்ட்ஸிலா வைப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், அடி ஒலிக்கான பேஸ் குமிழை 40 ஹெர்ட்ஸுக்கும் 80 ஹெர்ட்ஸுக்கும் மாற்ற இன்னொரு பட்டன். செகண்ட் ஹேண்டில் பழையது மலிவாகக் கிடைத்தாலும் நம் ஊர் வேலைக்கு நான் புதியதைத்தான் சொல்வேன். காரணம் ஸ்பீக்கர். பேஸின் அடி ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். திறந்தவெளியில் தெருமுனை ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து அது ஒழுங்காக வருவதில்லை. கூட்டம் கேட்பது அதன் இரட்டிப்பான 82-ஐயும் அதற்கு மேலே உள்ளதையும்தான். "தம்பி, பேஸ் வருதா வரலையான்னே தெரியலையே" என்று மைக்செட் அண்ணன் சொன்னால் நம் கை தானாக பேஸ் குமிழுக்குப் போகும். போகக்கூடாது. பட்டனை 80-இல் வைத்து, 500-இல் மிட்டைக் கொஞ்சம் ஏற்றினால் பேஸ் தெளிவாக முன்னால் வந்து நிற்கும். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழை நான் பத்து மணி நிலைக்கு மேல் கொண்டுபோவதில்லை.

இந்தப் பெட்டி, மைக் வயர் வழியாகவே மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவரிலேயே ஓடும் என்பது அவசரத்துக்கு உதவும். சின்ன மிக்ஸர்களில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே பேண்டம் பட்டன்தான். சவுண்டைக் குறைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் 'டப்' என்ற சத்தத்துக்கு நாதஸ்வரக்காரர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்.

சான்ஸ்ஆம்ப்புக்கு முன்னால் எம்எக்ஸ்ஆர் எம்87 பேஸ் கம்ப்ரசர், பலமாக வரும் சத்தத்தை அமுக்கி எல்லாவற்றையும் சமமாக்கும் பெடல். போர்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இது இருப்பது கேட்பவர் யாருக்கும் தெரியாது. அட்டாக், ரிலீஸ், ரேஷியோ, இன்புட், அவுட்புட் என்று ஐந்து குமிழ். எவ்வளவு பலமாக அமுக்குவது என்பதைச் சொல்லும் ரேஷியோ 4, 8, 12, 20 என்று படிப்படியாக ஏறும். நல்ல விஷயம், சத்தம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை எல்இடி விளக்கு வரிசை காட்டிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசரைக் காதால் மட்டும் பழகுவது புதியவர்களுக்குக் கஷ்டம். கண்ணுக்குத் தெரிந்தால் சீக்கிரம் பிடிபடும். நான் ரேஷியோவை 4-இல் வைத்து, அமுக்கத் தொடங்கும் வேகமான அட்டாக்கை மெதுவாக்கி, பலமாக வாசிக்கும்போது மட்டும் இரண்டு மூன்று விளக்கு எரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் 'டும்' அமுங்காமல் வெளியே வந்துவிடும், பின்னால் வருவதுதான் சமமாகும். தந்தியைக் கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிப்பவர்கள் அட்டாக்கை வேகமாக்கிக்கொள்ளலாம். பத்தாவது பாட்டில் கை தளர்ந்த பிறகும் மிக்ஸர்காரர் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் கம்ப்ரசர் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வரிசையில் முதலில் நிற்பது போஸ் டியு-3 டியூனர். டியூனரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போய் வாசித்துப் பார்க்கட்டும். அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டு வண்டி ஏறுகிறோம், இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே இறங்கும்போது குளிர் காற்று. தந்தி குளிர்ந்தால் சுருங்கும், சுருதி ஏறும். அப்புறம் மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். மரக் கழுத்து தன் பங்குக்கு ஏதாவது செய்யும். பாட்டுக்குப் பாட்டு ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டியு-3-ஐ மிதித்தால் வெளியே சத்தம் போகாது, வெயிலிலும் விளக்கு தெரியும். கிட்டார் தலையில் மாட்டும் கிளிப் டியூனர், பக்கத்தில் ரிதம் பேட் அடிக்கும்போது பேஸின் அதிர்வைப் பிடிக்கத் தடுமாறும்.

இந்த மூன்றும் போதும். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்கு. ஆசை தப்பில்லை, நானும் வாங்கியிருக்கிறேன்.

வாசிக்கும் சுரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரத்தையும் சேர்த்துத் தரும் ஆக்டேவ் பெடலாக போஸ் ஓசி-5 வைத்திருக்கிறேன். 1982-இல் வந்த ஓசி-2 என்ற பழம்பெரும் பெடலின் குரல் இதில் விண்டேஜ் மோடாக இருக்கிறது. சின்த் பேஸ் வரும் புதுப் பாட்டுகளை வாசிக்க இது இல்லாமல் முடியாது. ஆனால் அடித் தந்தியில் வாசித்து ஏமாறாதீர்கள். 41 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஆக்டேவ் 20.6 ஹெர்ட்ஸ், மனிதக் காது கேட்கும் எல்லையே அங்கேதான் தொடங்குகிறது, எந்த மைக்செட் ஸ்பீக்கரும் அதைத் தராது. பெடலும் அவ்வளவு கீழே சுருதியைப் பிடிக்க முடியாமல் தத்தளிக்கும். டி தந்தி, ஜி தந்தி என்று மேலே போய் வாசித்தால் தடிமனாக, அழகாக வரும். கம்ப்ரசருக்கு முன்னாலா பின்னாலா என்று சண்டை உண்டு. நான் டியூனரை அடுத்து உடனே வைத்துவிட்டேன், சுத்தமான சிக்னல் போனால் தடுமாற்றம் குறைவு.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கு கிட்டார்காரர்களின் பெடலைக் கடன் வாங்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. மிதித்தவுடன் அடி காணாமல் போய்விடும், ஏனென்றால் அந்தப் பெடல்கள் பலவும் கீழ் ஒலியை வேண்டுமென்றே வெட்டுகின்றன. பேஸுக்கு வாங்கினால் சுத்த ஒலியைக் கலக்கும் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போஸ் ஓடிபி-3-இல் அது பேலன்ஸ், டார்க்கிளாஸ் பி3கே-யில் பிளெண்ட். இரண்டிலும் பாதிக்குக் கீழேயே வைத்தால் குத்துப் பாட்டுக்குத் தேவையான கரகரப்பு கிடைக்கும், அடியும் இருக்கும். ஒரே பேஸைப் பலர் சேர்ந்து வாசிப்பது போல அலையவிடும் கோரஸ் வேண்டுமென்றால் அதே கணக்கில் போஸ் சிஇபி-3, அதில் அடி ஒலியைக் கலங்காமல் விட ஒரு லோ ஃபில்டர் குமிழ் உண்டு. எண்பதுகளின் மெலடிகளுக்கு இனிக்கும். மற்றபடி வருடம் முழுக்கத் தூசி படிந்து கிடக்கும்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன், போர்டு கெடுவது இங்கேதான். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். கீபோர்டுக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் அடாப்டர் பின் பொருந்துகிறதே என்று செருகாதீர்கள். ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரி வயர் பிரித்து எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம், அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் ஓடும். நடுவில் ஒரு டிஜிட்டல் பெடல் புகுந்தால் 'கீ...' என்று கொசுச் சத்தம் ஆரம்பிக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு அவுட்புட்டும் மற்றதோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் ஐசோலேட்டட் சப்ளை. எட்டு அவுட்புட், முழுக்க ஐசோலேட்டட் என்று பெட்டியில் அச்சடித்து ஆன்லைனில் விற்ற ஒன்றை நானும் வாங்கினேன். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனையும் உள்ளே இணைந்திருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, இரண்டு அவுட்புட்களின் நெகட்டிவைத் தொட்டேன். பீப் அடித்தது. உள்ளே எல்லாம் ஒரே கிரவுண்டு! திருப்பி அனுப்பிக் காசை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்கள் எதை வாங்கினாலும் இந்தச் சோதனையை முதல் நாளே செய்யுங்கள்.

பண்டிகை மேடைகளில் ஜெனரேட்டருக்கு எர்த் இருக்கிறதா என்பது தனிக் கவலை. போர்டை இணைத்த பிறகு, மைக்கில் உதடு படுவதற்கு முன்னால் லைன் டெஸ்டரால் மைக் வலையையும் கிட்டார் தந்தியையும் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். விளக்கு எரிந்தால் வாசிக்க மாட்டேன், எலெக்ட்ரீஷியன் வரட்டும். ஹம் மட்டும்தான் என்றால் டிஐயில் கிரவுண்டைத் துண்டிக்கும் சுவிட்சை முயன்று பார்க்கலாம்.

பலகையை வெளியிலிருந்து வாங்கவில்லை. ஜன்னல் பிரேம் போடும் அலுமினியப் பட்டறை ஒன்றில் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், நான்கு பட்டை குறுக்கே வைத்து, பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கி அடித்துத் தந்தார்கள். கூலியோடு 1,400 ரூபாய். "இது எதுக்குங்க, செருப்பு ஸ்டாண்டா?" என்றார் பட்டறைக்காரர். வேலை சுத்தம். ஓரங்களை மட்டும் ராவித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கம்பெனிப் போர்டுக்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை, பை மட்டும் தனியாகத் தைக்க வேண்டும். வெல்க்ரோவில் மெத்துப் பக்கம் பலகைக்கு, சொரசொரப்புப் பக்கம் பெடலுக்கு. ஏற்காடு பஸ்ஸின் ஆட்டத்துக்கும் ஒரு பெடல் கழன்றதில்லை. பேட்ச் கேபிள்களை நானே ஈயம் வைத்துச் செய்தேன். கொலுசுப் பட்டறையில் பொடி வைத்துப் பற்றும் நண்பன் என் பற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுவே மரியாதைதான்.

எங்கே வாங்குவது? நான் சொன்ன பெடல்களைச் சேலத்துக் கடைகளில் அடுக்கி வைத்து நான் பார்த்ததில்லை, சொல்லி வரவழைக்கலாம். சென்னை போகிற வேலை இருந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரிப் பெரிய கடையில் முதலில் விசாரித்துவிட்டு, சொந்தப் பேஸைத் தூக்கிக்கொண்டு போங்கள். கடைப் பேஸில் கேட்டது வீட்டுப் பேஸில் வராது.

கடைசியாக, பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டி செய்யும் மல்டி எஃபெக்ட். சர்ச்சில் வாசிக்கத் தொடங்கியிருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் நான் சொன்ன பெடல்களின் விலையைக் கேட்டு முகம் வாடிவிட்டான். அவனுக்கு நான் சொன்னது ஜூம் பி1 ஃபோர். ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட், டியூனர், பயிற்சிக்குத் தாளம், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் எல்லாம் உள்ளேயே. நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும், அடாப்டர் என்றால் 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர். கம்ப்ரசருக்கும் ஆக்டேவுக்கும் வித்தியாசம் என்ன, தனக்கு எது பிடிக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. எக்ஸ்எல்ஆர் அவுட் மட்டும் இதில் கிடையாது. அதனால் அவன் அப்பாவிடம், ஜூமோடு சேர்த்து ஒரு சாதாரண டிஐ பாக்ஸும் வாங்கிக் கொடுங்கள், கோரஸ் பெடலை நான் இரவல் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.