கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்குப் படம் எந்த வழியில் போக வேண்டும்? எச்டிஎம்ஐ, எச்டிபேஸ்டி, லேன், வைஃபை: ஓர் ஒப்பீடு

கருத்தரங்கக் கூடத்துக்குப் புரொஜெக்டர் வாங்கக் கூடும் குழுவில், ஒளியளவு எத்தனை லூமென்ஸ், படத்தை உருவாக்கும் நுட்பம் எல்சிடியா டிஎல்பியா, ஒளி தருவது லேம்ப்பா லேசரா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. பேச்சாளர் மேசையிலிருந்து கூரையில் தொங்கும் கருவி வரை படம் எந்த வழியாகப் போகும் என்ற கேள்வியோ, பெயின்ட் வேலையும் முடிந்தபின் எலக்ட்ரீஷியன் கேட்கும்போதுதான் எழுகிறது. விழா நாளில் திரை கறுத்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது முதலில் பேசப்பட்டவை அல்ல, கடைசியில் கேட்கப்பட்ட இந்தக் கேள்விதான்.

இந்த அலசலுக்கு 150 இருக்கைகள் கொண்ட கல்லூரிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் மூன்று மீட்டர். புரொஜெக்டர் கூரையின் நடுவில் இருக்கிறது. மேசையிலிருந்து சுவர் ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடி, கருவிக்கு இறங்கும் கேபிள் பாதை சுமார் 18 மீட்டர். கண்ணால் அளந்தால் ஏழெட்டு மீட்டர்தான் தெரியும். அதை நம்பிக் கேபிள் வாங்குபவர்களே அதிகம். என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இத்தகைய கூடத்தில் படம் எச்டிபேஸ்டி (எச்டிஎம்ஐ படத்தை நெட்வொர்க் வகைக் கேபிளில் நெடுந்தூரம் அனுப்பும் முறை) வழியாகப் போக வேண்டும், கருவியை இயக்கும் கட்டுப்பாடு லேன் (வளாகத்தின் கம்பிவழி நெட்வொர்க்) வழியாக நடக்க வேண்டும், வைஃபை கூடுதல் வசதியாக மட்டும் இருக்க வேண்டும்.

கருவியின் முகமும் முதுகும்

முன்பக்கத்தில் லென்ஸும், ஃபோக்கஸ், ஜூம் வளையங்களும், ரிமோட்டின் கதிரை வாங்கும் சிறு கறுப்புக் கண்ணாடியும் இருக்கும். காற்றை உள்ளிழுக்கும் வாய்க்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும். வேறொரு பக்கத்தில் சூடான காற்று வெளியேறும். நம் ஊர்த் தூசியில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வெப்பநிலை விளக்கு எரிந்து கருவி தானாக அணைந்துவிடும். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ விகிதம்: அது 1.5 என்றால் நம் மூன்று மீட்டர் படத்துக்குக் கருவி நாலரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மாட்டும் இடம் சற்றுப் பிசகினாலும் கீஸ்டோன் திருத்தம் சரிசெய்துவிடும் என்பார்கள். அது படத்தை மின்னணு முறையில் சுருக்கி நேராக்குவதாகும். அதில் பிக்சல்கள் வீணாகும். லென்ஸ் ஷிப்ட் உள்ள மாடலில் லென்ஸே நகர்வதால் அந்த இழப்பு இல்லை.

எல்சிடிக்கும் டிஎல்பிக்கும் இடையிலான வழக்கை இங்கே நீட்டப் போவதில்லை. முன்னதில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பலகங்கள் உண்டு. ஒற்றைச் சில்லு டிஎல்பியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், கண்ணை வேகமாகத் திருப்பும்போது சிலருக்கு வானவில் கீற்று தெரியும். இரண்டிலும் நல்ல கருவிகள் உண்டு. லேம்ப்பா லேசரா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. பாதரச லேம்ப் சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்றப்பட வேண்டியது. லேசருக்கு 20,000 மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட முக்கியமாக, மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபின், சூடான லேம்ப் ஆறும் வரை மறுபடி எரியாது. லேசர் உடனே வந்துவிடும்.

முதுகுப் பக்கம்தான் நம் விஷயத்துக்கு உரியது. பதினைந்து ஊசித் துளைகள் கொண்ட விஜிஏ, இரண்டு எச்டிஎம்ஐ, பென் டிரைவுக்கான யூஎஸ்பி, 3.5 மி.மீ. ஆடியோ துளை, கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்கான ஒன்பது ஊசி கொண்ட ஆர்எஸ்-232சி, லேன் ஆகியவை பெரும்பாலான அலுவலக, கல்லூரி மாடல்களில் இருக்கும். விலை கூடிய மாடல்களில் லேன் போர்ட்டைப் போலவே இன்னொரு போர்ட் இருக்கும்; அதன்மேல் எச்டிபேஸ்டி என்று பொறித்திருப்பார்கள். ஒரே வடிவம், ஒரே ஆர்ஜே-45 தலை, ஒரே கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள். ஆனால் உள்ளே ஓடுவது முற்றிலும் வேறு. எச்டிபேஸ்டி கேபிளைக் கொண்டுபோய் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் செருகினால் படம் வராது. கருவிகளின் கையேடுகளும் இதை எச்சரிக்கின்றன, ஆனால் கேபிள் இழுக்க வருபவர் கையேட்டைப் படிப்பதில்லை. ஆகவே இரண்டு கேபிள்களும் இரண்டு நிறங்களில் இருப்பது நல்லது.

எச்டிஎம்ஐ: குறுந்தூரத்தில் நிகரில்லாதது

கேபிளைச் செருகியவுடன் புரொஜெக்டர் தன்னால் காட்டக்கூடிய தெளிவுத்திறன்களின் பட்டியலை லேப்டாப்புக்கு அனுப்புகிறது. லேப்டாப் அதற்கேற்பப் படத்தை அமைக்கிறது. பாதுகாக்கப்பட்ட படமாக இருந்தால் நகல்காப்புச் சோதனையும் நடக்கிறது. இத்தனையும் ஓரிரு விநாடிகளில், எந்த மென்பொருளும் நிறுவாமல் முடிந்துவிடுவதால், வெளியூரிலிருந்து வரும் பேச்சாளருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. நல்ல தரமான செப்புக் கேபிள் 1080பி (முழு எச்டி) படத்தைப் பத்து, பதினைந்து மீட்டர் வரை தாங்கலாம். விநாடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட 4கே படத்துக்கு ஐந்து மீட்டரைத் தாண்டினாலே நம்பிக்கை குறைகிறது. நம் 18 மீட்டரில் சாதாரணக் கேபிள் அடியோடு செயலிழந்துவிட்டாலாவது உடனே மாற்றிவிடலாம். அது அப்படிச் செய்வதில்லை. ஒரு லேப்டாப்பில் வேலை செய்து இன்னொன்றில் மறுக்கும், திரையில் வெள்ளைப் பொறிகள் சிதறும், இரண்டு விநாடி கறுத்துவிட்டுத் திரும்பி வரும். குற்றம் லேப்டாப்பின்மேல் விழுகிறது.

இதற்கு மாற்றாக ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் வந்திருக்கிறது. தூரச் சிக்கலை அது தீர்த்துவிடுகிறது. ஆனால் அதற்குத் திசை உண்டு: ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை திரைக்கருவிக்கு. தலைகீழாக இழுத்துவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி இழுக்க வேண்டும். 20 மி.மீ. பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. நுழைய அகலமான பைப் போட்டாலும், வளைவில் மடங்கி இழை முறிந்தால் அந்த இடத்தில் வெட்டி ஒட்ட இயலாது. மேசைப் பக்கத்து முனை தினமும் செருகி உருவப்படுவதால் தேயும். அது தேய்ந்தால் 18 மீட்டரும் குப்பைதான். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த முனையைச் சுவர்ப் பெட்டியில் நிலையாக முடித்து, அதிலிருந்து மேசைக்கு மாற்றத்தக்க குட்டைக் கேபிள் வைத்துக்கொள்ள வேண்டும்.

விஜிஏ 1987-இல் பிறந்த அனலாக் இணைப்பு. புதிய லேப்டாப்புகளில் அந்தத் துளையே இல்லை. பழைய கேபிள் சுவருக்குள் இருந்தால் இருக்கட்டும்; புதிதாக இழுக்க வேண்டாம்.

எச்டிபேஸ்டி: செலவுக்கு ஏற்ற நிம்மதி

எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2010-இல் கூடி முன்வைத்த இந்த முறையில், மேசையடியில் இருக்கும் சிறு பெட்டி லேப்டாப்பின் எச்டிஎம்ஐ படத்தை வாங்கி, நான்கு ஜோடிக் கம்பிகள் கொண்ட ஒற்றைக் கேபிளில் 100 மீட்டர் வரை அனுப்புகிறது. படம், ஒலி, கட்டுப்பாட்டுக் கட்டளை ஆகியவை ஒன்றாகப் போகின்றன. பெட்டியும் கருவியும் இடம் கொடுத்தால் நெட்வொர்க்கையும் மின்சாரத்தையும்கூட அதிலேயே அனுப்பலாம். பேச்சாளருக்குத் தெரிவது மேசையில் நீட்டிக்கொண்டிருக்கும் வழக்கமான எச்டிஎம்ஐ முனை மட்டும்தான். அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

கேபிளை எந்த ஊரிலும் வாங்கலாம், மெல்லிய பைப்பில் இழுக்கலாம், முனையில் அங்கேயே தலையை அழுத்திப் பொருத்தலாம் (கிரிம்ப்), கெட்டால் வெட்டிப் புதுத் தலை போடலாம். ஒளியிழை எச்டிஎம்ஐயோடு ஒப்பிட்டால் எனக்கு இதுவே தீர்க்கமான காரணம்: பழுதுபார்க்கும் ஆள் உள்ளூரிலேயே கிடைப்பார்.

ஆனால் கேபிள் விஷயத்தில் இது கண்டிப்பானது. கடைகளில் கேட்-6 என்று மலிவாக விற்கப்படும் பல சுருள்களில் அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசியிருக்கும். இணையத்துக்கு அது எப்படியோ ஒப்பேற்றும். எச்டிபேஸ்டியில் படம் விட்டுவிட்டு வரும். முழுச் செப்பு, மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையிட்ட (ஷீல்டட்) கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும். ஏசிக்கும் விளக்குக்கும் போகும் மின்கம்பிகளோடு ஒரே பைப்பில் இழுக்கக் கூடாது. மிஞ்சிய நீளத்தை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இறுக்கமாகச் சுருட்டியும் வைக்கக் கூடாது. வழியில் நெட்வொர்க் ஸ்விட்ச் எதுவும் வரக் கூடாது; ஒரே ஓட்டமாகப் போவது சிறந்தது. இத்தனைக்கும் மேலாக, மேசையடிப் பெட்டிக்கு மின்சாரம் தேவைப்படலாம். கூடத்தைப் பெருக்குபவர் அதன் அடாப்டரைக் கழற்றிவிட்டால் படம் போய்விடும். கருவியிலேயே எச்டிபேஸ்டி இல்லாவிட்டால், கூரையில் இன்னொரு பெட்டி மாட்ட வேண்டும். அப்போது செலவும், சந்தேகப்பட வேண்டிய இடங்களும் கூடுகின்றன.

லேன்: படத்துக்கு அல்ல, பராமரிப்புக்கு

லேன் போர்ட் இருப்பதால் அதன் வழியாகவே படத்தையும் அனுப்பிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். 1080பி படத்தில் ஒரு சட்டகத்துக்கு 1920 பெருக்கல் 1080 பிக்சல்கள். பிக்சலுக்கு 24 பிட். விநாடிக்கு 60 சட்டகங்கள். மொத்தம் விநாடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட். 100 எம்பிபிஎஸ் லேன் சுமப்பது விநாடிக்கு 10 கோடி பிட். அதாவது படத்தை முப்பதில் ஒரு பங்காகவாவது அழுத்தியாக வேண்டும். எழுத்தும் வரைபடமும் உள்ள ஸ்லைடுகளுக்கு இது போதும். மவுஸ் அம்பு சற்றுப் பின்தங்கி வரும், அவ்வளவுதான். வீடியோ ஓடும்போது தடுமாற்றம் தெரியத் தொடங்கும். அதோடு, எப்சன் கருவிகளுக்கு ஐப்ரொஜெக்ஷன் என்பதுபோல், அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளை லேப்டாப்பில் நிறுவ வேண்டும். அலுவலக லேப்டாப்போடு வரும் விருந்தினருக்கு நிறுவும் அனுமதியே இருக்காது.

கட்டுப்பாடு என்று வந்தால் லேனுக்குப் போட்டி இல்லை. புரொஜெக்டர் மெனுவில் டிஎச்சிபியை (முகவரியைத் தானாகப் பெறும் ஏற்பாட்டை) அணைத்து, 192.168.10.50 போன்ற நிலையான ஐபி முகவரியும், சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0-வும், கேட்வேயும் கொடுத்தால், அலுவலகக் கணினியின் பிரௌசரிலிருந்தே கருவியை இயக்கலாம், எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்க்கலாம். முகவரியை நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டு ஒதுக்கிப் பெற வேண்டும். தோன்றிய எண்ணைக் கொடுத்தால் அது வேறொரு பிரிண்டரின் எண்ணாக இருக்கக்கூடும். பிஜேலிங்க் என்ற பொது நெறிமுறை 4352-ஆம் போர்ட்டில் இயங்குவதால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே மென்பொருளால் கண்காணிக்க முடியும். ஆர்எஸ்-232சியாலும் கருவியை இயக்கலாம். ஆனால் அதற்கென்று தனிக் கம்பி இழுக்க வேண்டும், ஒரு கம்பி ஒரு கருவிக்குத்தான்.

இதில் இரண்டு அமைப்புகள் அடிக்கடி விட்டுப்போகின்றன. ஸ்டாண்ட்பை நிலையிலும் நெட்வொர்க் விழித்திருக்க வேண்டும் என்ற தேர்வு பல கருவிகளில் தனியாக உண்டு. அதைப் போடாவிட்டால் லேன் வழியே அணைக்க முடியும், எழுப்ப முடியாது. இன்னொன்று, தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை மாற்றுவது. மாணவர் நெட்வொர்க்கிலிருந்து எட்டக்கூடிய கருவி பழைய கடவுச்சொல்லோடு இருந்தால், முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோவதற்கு வாய்ப்பு உண்டு.

வைஃபை: வசதி அதிகம், உறுதி குறைவு

கம்பியில்லா இணைப்பில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில் லேப்டாப் நேராகப் புரொஜெக்டரோடு இணைகிறது. அமைப்பது எளிது, ஆனால் லேப்டாப்பின் வைஃபை கருவியிடம் போய்விடுவதால் இணையம் அறுந்து, ஸ்லைடுக்குள் வைத்த யூடியூப் இணைப்பு ஓடாமல் போகலாம். மற்றதில் இரண்டுமே வளாக வைஃபையில் சேர்கின்றன. இங்கே தடையாக நிற்பது பாதுகாப்பு ஏற்பாடு: விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள், அல்லது புரொஜெக்டரும் லேப்டாப்பும் வெவ்வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவில்) இருக்கும். தேடல் பட்டியலில் கருவி தென்படாது. பின்னதற்கு ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் சில வேளை வழி பிறக்கும். முன்னதற்குப் பொறுப்பாளர் அமைப்பை மாற்றினால்தான் உண்டு.

வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த மிராகாஸ்ட், முதல் முறையைச் சேர்ந்தது. விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு கே விசையை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் வரும். தனி மென்பொருள் தேவையில்லை. ஐபோனும் மேக்கும் இதை ஏற்பதில்லை; அவற்றுக்கு ஏர்ப்ளே வேண்டும். ஆக, கருவி எதை ஆதரிக்கிறது என்பதையும் விருந்தினர் எதைக் கொண்டுவருகிறார் என்பதையும் பொறுத்தே வசதி அமைகிறது. 150 பேரின் போன்களும் விழித்திருக்கும் கூடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகிவிடும்; 5 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தேவலை. காலியான கூடத்தில் செய்த ஒத்திகை மாலை விழாவுக்கு உத்தரவாதம் ஆகாது.

பழுது வந்தால் என்ன தெரியும் என்ற அளவுகோலில் பார்த்தால் நான்கும் நன்றாகப் பிரிகின்றன. எச்டிஎம்ஐயில் கேபிளை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அது சுவருக்குள் இருக்கிறது. எச்டிபேஸ்டி பெட்டிகள் பலவற்றில் இணைப்பு விளக்கு உண்டு. அது எரியாவிட்டால் கேபிள் அல்லது மின்சாரம், எரிந்தும் படமில்லையென்றால் லேப்டாப் பக்கம் என்று பிரித்துவிடலாம். லேனில் பிங் செய்தால் (கருவியின் முகவரிக்குச் சோதனைச் செய்தி அனுப்பினால்) பதில் வருகிறதா இல்லையா என்பது உடனே தெரியும். வைஃபையில் காலையில் வந்தது மாலையில் வராததற்குக் காரணம் தேடி மேடையில் நின்றுகொண்டிருக்க முடியாது.

ஐந்து மீட்டருக்குள் முடியும் சிறு வகுப்பறைக்கு இத்தனை யோசனையும் தேவையில்லை. நல்ல எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும். நிறுவனத்தின் சொந்த லேப்டாப்புகள் மட்டுமே வரும், பத்துப் பேர் அமரும் ஆலோசனை அறையில் வைஃபையை முதன்மையாக வைத்து எச்டிஎம்ஐயைத் துணையாக வைக்கலாம். பல கட்டடங்களில் பரவிய வளாகமென்றால், படம் எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு கருவிக்கும் லேன் இணைப்பு இருக்க வேண்டும். நம் 150 இருக்கைக் கூடத்துக்கு, ஃபால்ஸ் சீலிங் மூடப்படும் முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மேசையிலிருந்து கருவிக்கு உறையிட்ட முழுச் செப்பு கேட்-6 கேபிள்கள் இரண்டு, ஒன்று எச்டிபேஸ்டிக்கு, இன்னொன்று மாற்றுக்கு, நெட்வொர்க் ரேக்கிலிருந்து கருவிக்கு லேனுக்காக மூன்றாவது, மின்கம்பியிலிருந்து விலகிய தனிப் பைப், ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் அழியாத பெயர்ச்சீட்டு.