பாத்திஸ்பியரா, டிரியெஸ்டேயா: ஆழ்கடலுக்கு இறங்கிய இரண்டு வழிகள்

இயற்கையியலாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓடிஸ் பார்ட்டனும் 1934 ஆகஸ்டில் பெர்முடா அருகே 923 மீட்டர் இறங்கிய பாத்திஸ்பியர், கப்பலிலிருந்து எஃகு வடத்தில் தொங்கவிட்ட எஃகுக் கோளம். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு தட்டில் சோடா லைம், ஈரத்தை உறிஞ்ச இன்னொன்றில் கால்சியம் குளோரைடு. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் உயிர் முழுக்க வடத்தில்தான். கோளத்துக்கு மிதக்கும் திறன் இல்லை; வடம் அறுந்தால் மீட்சியே கிடையாது. ஆழம் கூடக் கூட வடத்தின் சொந்த எடையே பெரும் சுமையாகிவிடும். அலையில் கப்பல் ஆடினால் கீழே கோளமும் குலுங்கும்.

சுவிஸ் இயற்பியலாளர் அகஸ்ட் பிக்கார் வடத்தையே தூக்கி எறிந்தார். அவர் வடிவமைத்த ஆழ்கடல் கலமான டிரியெஸ்டேயில், ஆட்கள் அமரும் கோளத்துக்கு மேலே சுமார் 85,000 லிட்டர் பெட்ரோல் நிரப்பிய மிதவை. பெட்ரோல் நீரைவிட லேசு, காற்றைப்போல எளிதில் நசுங்காது. மிதவையின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருப்பதால் உள்ளும் புறமும் அழுத்தம் சமம். மெல்லிய தகடே போதும். இருந்தாலும் ஆழத்தில் பெட்ரோல் குளிர்ந்து சற்றே சுருங்கும், கலம் கனத்து வேகமெடுக்கும். அப்போது இரும்புச் சிறுகுண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். குண்டுகளைப் பிடித்திருப்பவை மின்காந்தங்கள்: மின்சாரம் போனால் குண்டுகள் தானாகக் கொட்டும், கலம் மேலே வரும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே என் ஓட்டு டிரியெஸ்டேவுக்கு.

1960 ஜனவரி 23 அன்று அகஸ்டின் மகன் ஜாக் பிக்காரும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் அதில் பசிபிக்கில் உள்ள, கடலிலேயே மிக ஆழமான சேலஞ்சர் பள்ளத்தின் அடியைத் தொட்டார்கள். ஆழம் ஏறக்குறைய 10,900 மீட்டர். கப்பலில் கட்டிய வடத்தை நம்பியிருந்தால் அங்கே போவது மிகவும் கடினமாகியிருக்கும். பக்கவாட்டில் நகர்வதில் மட்டும் டிரியெஸ்டேயும் மந்தம்தான்; பாத்திஸ்பியரால் தானாக நகரவே முடியாது.