போடிமெட்டு ரூட்டில் இந்த இடம் இருக்கா, இல்லையா?

பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவருக்காகச் சின்னதாய் ஒரு மேப் பக்கம் செய்து தந்திருக்கிறேன். போடியில் கிளம்பி முந்தல், போடிமெட்டு வழியாகப் பூப்பாறை. எங்கே ஆள் ஏற வேண்டும், எங்கே மூட்டை இறங்க வேண்டும் என்று மேப்பில் ஒரு 'பின்' (இடக்குறி) வந்து விழும். அது இன்றைய ரூட்டில் வருகிறதா என்று பக்கம் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கூகுள் மேப்ஸ். அதன் ஜியோமெட்ரி லைப்ரரியில் (தயார் நிரல்களின் தொகுப்பு) இதற்கென்றே 'இஸ்லொகேஷன்ஆன்எட்ஜ்' என்று ஒரு ஃபங்ஷன். புள்ளியையும் பாலிலைனையும் (ரூட்டைக் காட்டும் கோடு) கொடுத்தால் ஆமாம், இல்லை என்று பதில். டாலரன்ஸ், அதாவது கோட்டிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு, மட்டும் மீட்டரில் இல்லை, டிகிரியில். கொடுக்காமல் விட்டால் 0.000000001 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் ஒரு டிகிரி சுமார் 110 கிலோமீட்டர். அப்படியென்றால் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நடுரோட்டில் நின்று பின் போட்டாலும் 'இல்லை' என்றது. 0.0003 கொடுத்தேன், அதாவது சுமார் 33 மீட்டர். போடி–தேனி ரோட்டில் பிசகவே இல்லை.

மலை ஏறியதும் பிசகியது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. கூகுளிடம் வழி கேட்டால் வரும் டைரக்‌ஷன்ஸ் பதிலில் உள்ள ஓவர்வியூ கோடு வழவழப்பாக்கிய கோடு; வளைவின் மூக்கை நறுக்கிவிட்டுப் போகும். வளைவு நுனியில் இருந்த டீக்கடை ரூட்டிலேயே இல்லை என்றது. டாலரன்ஸைக் கூட்டுவதைவிட, வழியின் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் (சிறு துண்டு) தனியாக வரும் கோட்டையும் எடுத்துக் கோத்துக்கொள்வதுதான் சரி.

இரண்டாவது, டர்ஃப் லைப்ரரி. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தையே எண்ணாகத் தரும். உலாவியிலேயே ஓடுவதால் சிக்னல் செத்துக் கிடக்கும் இடத்திலும் கை கொடுக்கும். மலையில் எனக்கு இதுதான் பிடித்தது. டர்ஃப் வாங்கும் ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும், கூகுள் அட்சரேகையை. மாற்றிப் போட்ட அன்று போடிநாயக்கனூர் வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் கடலில் மிதந்தது. சர்வரில் போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவுக்கான டேட்டாபேஸ் இணைப்பு) வைத்திருப்பவர்கள், இத்தனை தூரத்துக்குள் இருக்கிறதா என்று சொல்லும் அதன் எஸ்டி_டிவிதின் ஃபங்ஷனே போதும் என்பார்கள். போதும்தான். ஆனால் ஜியோகிராஃபி வகையாக இருந்தால்தான் 100 என்பது 100 மீட்டர். 4326 என்ற டிகிரி முறையில் வெறும் ஜியோமெட்ரி வகை என்றால் அது 100 டிகிரி, உலகத்தில் பெரும்பாதி 'வழியில்' வந்துவிடும்.

அண்ணன் சிரித்தது வேறொன்றுக்கு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று ரோட்டிலிருந்து 70 மீட்டர் பள்ளத்தில். எல்லையை 100 மீட்டர் என்று தளர்த்தியிருந்த அன்று பக்கம் 'வழியில்' என்றது. "தம்பி, வழியிலதான் இருக்கு. மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்றியா?" வண்டி போக வேண்டுமானால் கீழே ஜங்ஷனுக்குத் திரும்பி மண்பாதையில் சுற்ற வேண்டும். முன்பு டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலை இறக்கினார்கள்; அதற்கு நேர்கோட்டுத் தூரம் சரி. ஜீப்புக்கு ஆகாது.

ஆக மூன்றாவது வழி: சுற்றுக் கணக்கு. போடி–பூப்பாறை நேரத்தை ஒருமுறை கேட்பது, நடுவில் அந்த இடத்தைச் செருகி மறுபடி கேட்பது, இரண்டையும் கழிப்பது. ஓட்டுநர் மனசுக்குள் போடும் கணக்கும் இதுதான். இதற்கு நெட் வேண்டும். கூகுளில் ஒவ்வொரு கேள்விக்கும் கணக்கு ஏறும். அதனால் வழி கணக்கிடும் இலவச மென்பொருளான ஓஎஸ்ஆர்எம்-ஐச் சொந்த சர்வரில் ஓடவிட்டேன்.

அதிலும் ஒரு குழி. ஸ்டோர் பின்னைக் கொடுத்ததும் சுற்று பூஜ்யம் நிமிடம் என்றது. அது நம்பியிருக்கும், பொதுமக்கள் சேர்ந்து வரையும் மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண்பாதை வரையப்படவே இல்லை. ஓஎஸ்ஆர்எம் புள்ளியைப் பக்கத்தில் தெரிந்த ரோட்டுக்கு, அதாவது மேலே இருக்கும் ஹைவேக்கு, இழுத்துக்கொண்டது. எத்தனை மீட்டர் இழுத்தது என்பதையும் பதிலில் ஒவ்வொரு வேபாயிண்ட்டோடும் (நாம் கொடுத்த இடம்) 'டிஸ்டன்ஸ்' என்று அதுவே சொல்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இப்போது டர்ஃப் 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் பின்களை மட்டும் வடிகட்டுகிறது; அவற்றுக்குத்தான் ஓஎஸ்ஆர்எம். 30 மீட்டருக்கு மேல் இழுத்திருந்தால் பின் மஞ்சளாகும், அண்ணன் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். சுற்று 10 நிமிடத்துக்குள் என்றால் பச்சை. சாயங்காலம் மட்டும் அதை 3 ஆக்கச் சொல்லியிருக்கிறார்.