கு சுயி பு கேட்டேன், வேறொரு பெரணியின் கிழங்கு வந்தது

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த என் தாயாருக்காக, சிங்கப்பூரில் இணையவழியாக மூலிகை விற்கும் ஒருவரிடம் ‘கு சுயி பு’ என்னும் சீன மருந்து வேரை 300 கிராம் வாங்கி, 54 வெள்ளியை இழந்தேன். மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். இது துணை மருந்தாக இருக்கட்டும் என்பதே என் எண்ணம்.

வேர் என்று சொன்னாலும், அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்குத்தண்டு. குரங்கு இஞ்சி என்று வழங்கிய அதற்கு, ‘நொறுங்கிய எலும்பைச் சேர்ப்பது’ என்று பொருள்படும் இப்பெயரைத் தாங் வம்சப் பேரரசர் ஒருவர் சூட்டியதாக 8ஆம் நூற்றாண்டு மருந்தியல் அறிஞர் சென் சாங்சி எழுதியிருக்கிறார். விற்பனையாளர் இந்தக் கதையை அழகாகச் சொன்னார். அனுப்பிய பொருளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும், நாமக்கல்லில் பிறந்த என் தாயார், “அட, நம்ம கொல்லிமலை முடவாட்டுக்கால் மாதிரியே இருக்கே!” என்று மகிழ்ந்தார். முடவாட்டுக்காலும் அதே பேரினத்தைச் சேர்ந்த பெரணிதான் என்பதால் எனக்கும் ஐயம் எழவில்லை. நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். ஆட்டுக்கால்போல் உருண்டு தடித்திருந்ததே அது கு சுயி பு அன்று என்பதற்கு அடையாளம் என்பதை, நான்கு நாள் கஷாயம் குடித்துத் தாயாருக்கு வயிறு கலங்கிய பிறகு (அதற்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை), பதிவு பெற்ற சீன மருத்துவர் ஒருவர் காட்டிய பிறகே அறிந்தேன்.

அவர் தம் இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டிய உண்மையான கிழங்கு, தட்டையாக, முறுக்கிக்கொண்டு, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத அகலத்தில், சில மில்லிமீட்டர் கனத்தில் இருந்தது. கரும்பழுப்புச் செதில்கள் அடர்ந்து, இலை உதிர்ந்த வட்டத் தழும்புகளும் தெரிந்தன. மருந்துக்குக் கொடுக்கும்போது சூடான மணலில் வறுத்து அச்செதில்களைத் தேய்த்து நீக்கிவிடுவார்களாம். எனக்கு வந்ததில் அந்தப் பக்குவமும் இல்லை. அது பாறை இஞ்சி எனப்படும் வேறொரு பெரணியாக இருக்கலாம் என்றார்.

அளவு கேட்டு அவர் முகம் சுளித்தார். சீன அரசின் மருந்துத் தரநூல் சொல்வது 3 முதல் 9 கிராம் வரை; விற்பனையாளர் எங்களுக்கு எழுதிக் கொடுத்ததோ நாளுக்கு 30 கிராம். அதோடு, “மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம்” என்றும் சொல்லியிருந்தார். நல்லவேளை, அதை மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “தென்சீனத்தில் இதையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள்” என்று பதில் வந்தது. சில இடங்களில் அப்படிப் புழங்குவது உண்மைதான். ஆனால் தரநூல் ஏற்பது ஒரே ஓர் இனத்தை. அதை எழுதியனுப்பிய மறுநிமிடமே என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

வாங்குகிறவர்கள் தூளாகவோ பொடியாக நறுக்கியதாகவோ வாங்காமல், முழுத்துண்டாகக் கேட்டு, தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிச்சமிருக்கும் 180 கிராமை, ரசீதோடும் அந்த 30 கிராம் குறிப்போடும், பயனீட்டாளர் சங்கத்தில் காட்டுவதற்காகக் கட்டி வைத்திருக்கிறேன்.