தண்டர்பேர்ட் சூட்டுக்கு எது சரி: ஆயில் கூலரா, ஃபேனா, வெறும் ஆயிலா?

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னை பெருங்களத்தூர் நெரிசலில் நியூட்ரல் விழாமல் கிளட்சைப் பிடித்தபடியே நின்றவர்களுக்கு விஷயம் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் வண்டி 2014 ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 பைக், கார்புரேட்டர் மாடல். காலையில் எடுக்கும்போது சும்மா தொட்டாலே விழுகிற நியூட்ரல், ஜிஎஸ்டி ரோட்டில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ காணாமல் போய்விடும். இன்ஜினும் ஆயிலும் சூடேறிவிட்டன, கிளட்ச் பிளேட்டுகள் முழுசாகப் பிரியாமல் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான். டெம்பரேச்சர் மீட்டர் இல்லாத வண்டியில் இதுதான் மீட்டர்.

இத்தனை வருஷத்தில் சூட்டைக் குறைக்கிறேன் என்று ஆயில் மாற்றினேன், கூலர் போட்டேன், ஃபேன் கட்டினேன், கார்புரேட்டரில் கை வைத்தேன். "இதில் எது பெஸ்ட்?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வண்டி எங்கே சுடுகிறது என்பதைத்தான். டிராஃபிக்கிலா, ஹைவேயிலா, மலை ஏறும்போதா, இல்லை சுடுவது உங்கள் கால் மட்டும்தானா? இந்த நாலுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கானதை வாங்கி இன்னொன்றுக்குப் போட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் காசைக் கரைக்கிறார்கள். நானும் கரைத்திருக்கிறேன்.

ஆயிலில் இருந்து தொடங்கலாம், செலவு குறைவு, வாதம் அதிகம். மேனுவல் சொல்வது 15டபிள்யூ50. "சென்னை வெயிலுக்கு 20டபிள்யூ50 போடு, கெட்டியா நிக்கும்" என்று சொல்லாத மெக்கானிக் கிடையாது. ஆனால் பின்னால் இருக்கும் 50 என்ற எண்தான் ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான கணக்கு. அது இரண்டிலும் ஒன்றுதான். முன்னால் இருக்கும் 15-ம் 20-ம் குளிரில் ஸ்டார்ட் செய்வதைப் பற்றியது, நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை. மினரலா சிந்தெடிக்கா என்று கேட்டால் சிந்தெடிக் என்பேன். அது இன்ஜினைப் பெரிதாகக் குளிர வைத்துவிடாது, ஆனால் அந்தச் சூட்டிலும் சீக்கிரம் கெட்டுப்போகாமல் தாக்குப் பிடிக்கும், அது வேறு நன்மை. மறந்தும் கார் ஆயில் வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிலில் ஊறுகிற கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். ஆயில் மாற்றியதில் எனக்குக் கிடைத்த பலன், நியூட்ரல் காணாமல் போவது கொஞ்சம் தள்ளிப்போனது. அவ்வளவுதான்.

அடுத்து ஆயில் கூலர், அதாவது இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர். இதைப் போட்டவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்குக் கம்பெனியே கூலர் கொடுத்திருக்கிறான், அப்புறம் நமக்கு ஏன் கூடாது?" ஹிமாலயன் 411 சிசி, கம்ப்ரஷன் 9.5, உச்ச பவர் 6,500 ஆர்பிஎம்மில் வருகிறது, அந்த இன்ஜினை வரையும்போதே கூலரையும் சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். நம்முடையது 346 சிசி, கம்ப்ரஷன் 8.5, 5,250 ஆர்பிஎம்மில் 20 குதிரைத்திறனைக்கூடத் தொடாத சாதுவான இன்ஜின். சிலிண்டரைச் சுற்றி தகடு தகடாக இருக்கும் அலுமினிய ஃபின்களும் ஓடும்போது அடிக்கிற காற்றும் அதற்குப் பெரும்பாலும் போதும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் கதை வேறு. இரும்பு சிலிண்டர் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்குக் கிட்டவே வராது.

சரி, கூலர் வேலை செய்கிறதா? செய்கிறது, ஆனால் ஓடும்போது மட்டும். மே மாதம் மத்தியானம் வேலூர், ஆம்பூர் பக்கம் பெங்களூர் ஹைவேயில் 90-லேயே இரண்டு மணி நேரம் விரட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போதும் கியர் காலையில் போலவே விழுகிறது. அதே கூலரோடு பெருங்களத்தூரில் வந்து நின்றால் அது சும்மா தொங்குகிற ஒரு தகரம்தான், அதன் வழியாகப் போகக் காற்றே இல்லை. ஆயில் கால் லிட்டருக்குப் பக்கம் கூடுதலாக இருப்பதால் சூடேற கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஏறிவிட்டால் இறங்காது.

எனக்குக் கூலர் மாட்டிக் கொடுத்த கடையில் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டு பான்ஜோ போல்ட்டை (ஹோஸை இன்ஜினோடு இணைக்கும் ஓட்டை போல்ட்) முறுக்கி அனுப்பிவிட்டார்கள். திருச்சி போகும் வழியில் உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தினால் வலது ஷூ முழுக்க ஆயில், பின் டயரின் ஓரத்திலும் பளபளப்பு. சைட் கிளாஸில் எட்டிப் பார்த்தால் மட்டம் தெரியவே இல்லை. நல்லவேளை, வளைவில் படுக்கவில்லை. டீக்கடைக்காரர்தான் யாரையோ போனில் பிடித்து, பத்து ரூபாய்கூடப் பெறாத புது வாஷரை வரவழைத்துக் கொடுத்தார். கூலர் போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்: இன்ஜினுக்குள் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்த ஆயிலை வெளியே ஹோஸ் வழியாகச் சுற்றவிடுகிறீர்கள். ஒவ்வொரு ஜாயிண்டும் கசியக்கூடிய ஒரு இடம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெர்மோஸ்டாட், அதாவது ஆயில் சூடான பிறகே கூலருக்குள் விடும் வால்வு, இல்லாத கூலர் டிசம்பரில் கொடைக்கானலிலும் தன் வேலையை விடாமல் செய்யும். ஆயில் 100 டிகிரியை நெருங்கினால்தான் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகும். அங்கே நாலு நாள் சுற்றிவிட்டு வந்து ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அன்றைக்கே கூலரின் முன்னால் அட்டை வைத்து மறைத்தேன். போடுவதென்றால் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

ஃபேன் இதற்கு நேர் எதிர். ஹைவேயில் அதற்கு வேலை கிடையாது, டிராஃபிக்கில்தான் அது ராஜா. நான் முதலில் கட்டியது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் ஃப்ரேம் குழாயில் கிளாம்ப் போட்டு, ஹாண்டில்பாரில் ஒரு சுவிட்ச். பார்க்க அசிங்கம், நண்பர்கள் "இட்லி கடை வச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். ஆனால் ஊர்ந்து போகிற முக்கால் மணி நேரமும் நியூட்ரல் விழுந்தது, கூலரால் முடியாததை இந்தக் குட்டி ஃபேன் செய்தது. முதல் ஐப்பசி மழையிலேயே செத்தும் போனது, அதற்குத் தண்ணீர் ஆகாதே. இப்போது இருப்பது தண்ணீர் புகாத வகை, விலை மூன்று மடங்கு. பெரிய கார் ஃபேன் ஆசை மட்டும் வேண்டாம். ஹெட்லைட்டே 55 வாட் தின்கிற வண்டியில், ஐடிலில் சார்ஜிங் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ஃபேனும் ஓடப் போகிறது. பேட்டரி இறங்கிவிடும்.

அப்புறம் கார்புரேட்டர். இதைக் கடைசியில்தான் பார்த்தேன், முதலில் பார்த்திருக்க வேண்டும். லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில், ஓடுகிற வண்டிக்கு எத்தனை கூலர் போட்டாலும் அது வெளிப்பூச்சுதான். வெளியே வாங்கின சைலன்சரைப் போட்டுவிட்டு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்றாமல் விட்டால் லீன். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் விரிசல் விட்டால் லீன். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், இந்தக் கணக்கு தெரியாத பழைய கார்புரேட்டர் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். என் வண்டியில் குற்றவாளி அந்த ரப்பர்தான். ஐடிலில் ஓடும்போது அதன் மேல் கார்ப் கிளீனரை லேசாக அடித்ததும் ஆர்பிஎம் சட்டென்று மாறியது, அதாவது அங்கே காற்றை உறிஞ்சுகிறது. புது ரப்பர் போட்ட வாரத்தில் வந்த மாற்றம், கூலர் போட்டபோது வந்ததைவிட அதிகம். அதே நாளில் பின் பிரேக் உரசிக்கொண்டிருந்ததையும் சரி செய்தேன், அதற்கும் பங்கு உண்டு.

காலில் அடிக்கும் சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் சுற்றும் துணி நாடா உங்கள் காலைக் காப்பாற்றும், இன்ஜினை இல்லை. மழைத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்து பைப்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும். ஹீட் ஷீல்டு ஒன்றைப் போட்டு, ஜீன்ஸுக்குப் பதில் கெட்டியான ரைடிங் பேண்ட் போட்டால் போதும்.

எதைப் போட்டாலும் அளந்து பாருங்கள். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனால் பளபளக்கிற அலுமினியத்தில் அடித்தால் அது பொய் சொல்லும், இருப்பதைவிட ரொம்பக் குறைத்துக் காட்டும். நான் முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அடித்தேன், சூட்டில் டேப் இளகி வழிந்து ஃபின்னோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு பெயிண்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வைத்தால் முடிந்தது, எப்போதும் அந்த இடத்திலேயே அளக்கலாம்.

மலைக்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது, கை பழக வேண்டும். காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் மச்சானும் இரண்டு பையும். மூன்றாம் கியரில் திணறத் திணற ஏற்றியதில் நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி டிக்டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. அது நாக்கிங், உள்ளே கலவை தானாகவே வெடிக்கிற சத்தம். இரண்டாம் கியருக்கு இறங்கி ஆர்பிஎம்மை ஏற்றியதும் போய்விட்டது. மெதுவாகச் சுற்றினால் குளுமையாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் சுமையோடு குறைந்த ஆர்பிஎம்மில் முக்கவிடுவதுதான் இன்ஜினை வறுக்கிறது. மேலே போனதும் மச்சான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இன்ஜின் மேல் ஊற்றப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன். சூடான வார்ப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

ஆக, தாம்பரம் தாண்டி தினமும் ஊர்கிறவர் ஃபேன் கட்டுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை வெயிலில் நீண்ட ஹைவே ஓட்டுகிறவர், அதுவும் 90-க்குக் கீழே இறங்க மனசில்லாதவர் என்றால் கூலர். இரண்டுக்கும் முன்னால் அந்த ரப்பரையும் ஜெட்டையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள், ஃபின்களின் நடுவில் காய்ந்திருக்கும் சேற்றையும் கழுவிவிடுங்கள், ஆறின பிறகு. என் கூலர் இப்போது பரணில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன், வாஷர் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.