காமன் பேப்பரின் இலவச என்.டி.ஏ. படிவம்: எழுதிப் பழக நல்லது, அப்படியே கையெழுத்திட அல்ல

அமெரிக்காவின் காமன் பேப்பர் நிறுவனம் இருதரப்பு ரகசியக்காப்பு ஒப்பந்தப் (என்.டி.ஏ.) படிவம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது என்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுதப் பழகுபவர்களுக்கு இதைவிடக் கச்சிதமான பாடப்பொருள் கிடைப்பது அரிது. ஆனால் இந்தியத் தொழில்முனைவோர் வெற்றிடங்களை மட்டும் நிரப்பிக் கையெழுத்திட்டால் நான்கைந்து இடங்களில் சிக்குவார்கள்.

படிவம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது: முகப்புப் பக்கம், 11 பிரிவுகள் கொண்ட நிலையான விதிகள். பேரம் பேச வேண்டியவை எல்லாம் முகப்பில் மட்டுமே வருகின்றன: நோக்கம், தொடங்கும் தேதி, ஒப்பந்தக் காலம், ரகசியம் காக்க வேண்டிய காலம், எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம், கடைசியாக மாற்றங்கள். விதிகளுக்குள் ஒரு எண்ணோ தேதியோ கிடையாது. முகப்பில் உள்ள பெயரைச் சொல்லி அங்கே அனுப்பிவிடுகின்றன. ஒப்பந்தங்களில் அதிகம் நடக்கும் பிழையை இந்த அமைப்பு வேரிலேயே வெட்டுகிறது. ஒரே காலக்கெடுவை மூன்று ஷரத்துகளில் எழுதி, பேச்சுவார்த்தைக்குப் பிறகு இரண்டில் மட்டும் திருத்தினால், மூன்றாவதைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வாதாடும். எந்த ஒப்பந்தம் எழுதினாலும் எண், தேதி, தொகை ஆகியவற்றை ஓரிடத்தில் மட்டும் வைக்கும் பழக்கத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியங்களைப் படிக்க வேண்டுமென்றால் இரண்டாம் பிரிவை எடுங்கள். தகவலைப் பெறுபவருக்கு அதில் மூன்று கடமைகள்தான். நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். முன்கூட்டிய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வெளியாருக்குத் தரக்கூடாது; ஊழியர், ஆலோசகர், ஒப்பந்ததாரர் போன்றோருக்குத் தேவையின் அளவில் தரலாம், ஆனால் அவர்கள் தவறினால் பெற்றவரே பொறுப்பு. தன் சொந்தத் தகவலைக் காப்பது போலவே, நியாயமான கவனத்துக்குக் குறையாமல் காக்க வேண்டும். செய்ய வேண்டியவர் யார், எதை, எந்த வரம்புக்குள் என்பது ஒவ்வொன்றிலும் தெளிவாக நிற்கிறது. ‘ரகசியம் பேணப்படும்’ என்று செய்பவர் இல்லாமல் எழுதும் நம் ஊர் டிராஃப்ட்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் பேண வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றில் பதிலே இருக்காது. பழகுபவர்கள் தங்கள் டிராஃப்டில் செய்பவர் யார் என்று சொல்லாத வாக்கியங்களை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு ஒவ்வொன்றையும் திருப்பி எழுதினால், பாதி வேலை முடிந்தது.

இனி பொறிகள். முதலாவது, இரண்டு காலங்கள். ஒப்பந்தம் எவ்வளவு நாள் நடக்கும் என்பது ஒன்று, பெற்ற தகவலை எவ்வளவு நாள் காக்க வேண்டும் என்பது வேறு. படிவத்தில் இரண்டுக்கும் ஓராண்டு என்று முன்கூட்டியே போட்டிருக்கிறது, இரண்டுமே தொடங்கும் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. கோவையில் உள்ள பம்ப் தயாரிப்பாளர் பதினோராம் மாத இறுதியில் ஒரு டிராயிங்கைத் தந்தால், அது வணிக ரகசியமாகக் கருதப்படாத பட்சத்தில், அதற்கு ஒரே மாதப் பாதுகாப்புதான். ‘ஒவ்வொரு தகவலும் தரப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்’ என்று மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாவது நோக்கம். வணிக உறவில் நுழையலாமா என்று மதிப்பிடுவது மட்டுமே படிவம் தரும் நோக்கம். பேச்சுவார்த்தை முடிந்து வேலை தொடங்கிய பிறகும் அதே தாளை நம்பித் தகவல் கொடுக்கிறார்கள். அப்போது பெறுபவர் அந்தத் தகவலை வேலைக்குப் பயன்படுத்துவதே ஒப்பந்த மீறலாகிவிடும். ‘மதிப்பிடுவதும், அதன்பின் இன்ன சேவையை வழங்குவதும்’ என்று நோக்கத்தை முதலிலேயே அகலப்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ஒன்பதாம் பிரிவு அமெரிக்க மாநிலச் சட்டத்தையும், அங்குள்ள கூட்டாட்சி அல்லது மாநில நீதிமன்றங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த வெற்றிடத்தில் ‘தமிழ்நாடு’ என்று நிரப்பினால் பொருத்தமில்லாத ஷரத்து ஒன்று பிறக்கும். இங்கே ஒப்பந்தத்தை ஆள்வது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். நீதிமன்றங்களிலும் அந்த இரட்டை அடுக்கு இல்லை. மாற்றங்கள் பகுதியில், ஒன்பதாம் பிரிவுக்குப் பதிலாக இந்தியச் சட்டமும் சென்னை நீதிமன்றங்களின் தனி அதிகாரமும் பொருந்தும் என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். அதிலும் ஒரு வரம்பு உண்டு. வழக்குக்கு இயல்பாகவே தொடர்புள்ள நீதிமன்றங்களுக்குள்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரு நிறுவனங்களும் பெங்களூரில் இருந்து, கையெழுத்தும் வேலையும் அங்கேயே நடக்கும்போது, சென்னை என்று எழுதினால் சென்னை நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடாது.

வணிக ரகசியம் பற்றிய வரியும் இங்கே வலுவிழக்கிறது. பொருந்தும் சட்டப்படி வணிக ரகசியமாக இருக்கும்வரை பாதுகாப்பு நீளும் என்கிறது படிவம். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆவது அறிக்கையில் அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தது. அது சட்டமாகும்வரை எது ரகசியம் என்பதை நீங்களே ஒப்பந்தத்தில் வரையறுங்கள்: ஃபார்முலா, மூல நிரல், சப்ளையர் விலைப்பட்டியல் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் உதவும்.

மாற்றங்கள் பகுதி இந்தப் படிவத்தின் மிகச் சிறந்த இடம், ஏனெனில் மூல உரை அப்படியே இருக்க, எது மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பகுதியில்தான் அவசரக்காரர்கள் தவறானவற்றைச் செருகுகிறார்கள். ‘ஒப்பந்தம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் இதே தொழில் செய்யக்கூடாது’ என்ற வரி மட்டும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லுபடியாகாது. ‘மீறினால் 10 லட்சம் அபராதம்’ என்று எழுதினாலும் அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு முழுத் தொகையைத் தூக்கிக் கொடுக்காது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் நிற்க வாய்ப்பு அதிகம்.

முத்திரைத் தீர்வை பற்றிப் படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை. தமிழ்நாட்டில் இத்தகைய பொது ஒப்பந்தத்துக்கு முன்பு 20 ரூபாயாக இருந்தது 2024 மே மாதம் முதல் 200 ரூபாய். அது கட்டாத ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. தடையாணைக்கு அவசரமாக ஓடும் நாளில் இது தெரியவந்தால் பொழுது வீணாகும்.

இதில் கற்க முடியாதது பணம். விலை, ஒப்படைப்பு, ஏற்பு எதுவும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் வராது. ஆகவே அதே முகப்பு முறையில் ஒரு கட்டண ஷரத்தைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். தொகை, ஜி.எஸ்.டி. உட்பட்டதா தனியா, டி.டி.எஸ். பிடித்தம், கெடு எந்த நாளிலிருந்து ஓடும் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்காவதில்தான் தகராறு வரும். ‘பில் கிடைத்த 60 நாளில்’ என்று எழுதினாலும், விற்பவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் அனுமதிக்காது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும் என்பதால், சரிபார்த்து எழுதித் தரும் பொறுப்பு வாங்குபவர் தரப்பில் யாருடையது என்பதையும் பதவிப் பெயரோடு ஷரத்தில் குறியுங்கள்.